ஆளுக்கு ஒன்றரை ஜிபி

டீ கிளாஸைக் கீழே வைக்காமலே எழில்மொழி இடது கையால் விசையைத் தட்டுவாள். கறுப்புத் திரையில் இருபது பெயர்கள் வரும்; எதிரே, யார் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறார் என்ற எண். "இப்ராஹிம் அண்ணே, பாட்டு ஓடுதா?" என்பாள், தலையைத் திருப்பாமலே. அவர் அசடு வழிய மூடுவார்.

கூத்தாநல்லூரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்து தரும் தனியார் மையம் அது. இருபது மேசைகளுக்கும் ஒரே லினக்ஸ் சர்வர்; அதைப் பார்த்துக்கொள்வது எழில்மொழி. போன வாரம் முதலாளி ஜெக்கரியா தன் மேசையில் பிரவுசரில் நாற்பது பக்கங்களைத் திறந்துவைத்து மொத்த நினைவகத்தையும் விழுங்க, இருபது திரைகளும் உறைந்து நின்றன. பயிர் விவரம் காட்டும் அடங்கல் சான்றும் கையுமாகக் காத்திருந்த அறுபது விவசாயிகள் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவர் எழில்மொழியின் அப்பா இராஜாங்கம். வாய்க்காலின் கடைமடையில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சம்பா நெல் போட்டிருக்கிறார். இன்று மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. விட்டால் இந்த விளைச்சலுக்குக் காப்பீடு கிடையாது.

அன்றைக்கே எழில்மொழி வரம்பு கட்டிவிட்டாள். முப்பத்திரண்டு ஜிபியில் சர்வருக்கு இரண்டு, ஆளுக்கு ஒன்றரை. மீறினால் மீறியவரின் வேலை மட்டும் சாகும். பக்கத்து மேசைக்குத் தெரியவே தெரியாது.

ஜெக்கரியா தங்கமான மனிதர். ஆனாலும் முதலாளி ஆயிற்றே. "எனக்கு மட்டும் தளர்த்திவிடும்மா" என்று தினமும் வந்து நிற்பார்.

"தலைமடையில நீங்க மறிச்சா கடைமடைக்கு என்னங்க போகும்?"

"பெரிய பிடிவாதக்காரிம்மா நீ" என்று முனகிக்கொண்டே போய் நாலு பக்கங்களை மூடுவார்.

நாலே முக்காலுக்கு, மறுபடி வந்து வரிசையில் நின்ற அப்பாவின் முறை வந்தது. காலியாக இருந்தது மகளின் மேசைதான். அன்றைய பதிவுகளின் மொத்தப் பட்டியலையும் இன்னொரு பக்கத்தில் ஓடவிட்டிருந்ததை மறந்து, அவள் படிவத்தை நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் படிவம், பட்டியல் எல்லாமே பட்டென்று மறைந்தன. ஒன்றரையைத் தாண்டியிருந்தாள். மற்ற பத்தொன்பது மேசைகளிலும் தட்டச்சு நிற்கவில்லை.

ஜெக்கரியா எட்டிப் பார்த்தார். "வரம்ப மாத்த ஒரு வரி அடிச்சாப் போதும்தானேம்மா, உனக்கு மட்டும் ஏத்திக்க. அப்பா நிக்கிறாருல்ல?"

அவள் வரம்பை ஏற்றவில்லை. பட்டியலை விட்டுவிட்டு வெறும் படிவத்தை மட்டும் மறுபடி திறந்தாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"அடங்கலக் குடுங்கப்பா. சர்வே நம்பர்லேருந்து வருவோம்."