மூன்றாவது மாடியில் நான் எடுத்த ஃபோன்

2010-ம் வருடக் குளிர்காலத்தில், சிட்னியில் நடந்தது இது. கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு வருடமாகியிருந்தது. பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஞாயிறு மதியங்களில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, எந்தப் பங்கை வாங்கலாம் என்று பேசுவோம். பாதி நேரம் சண்டைதான்.

அந்த வருடம் சண்டை முழுக்க ஒரு சின்ன வயர்லெஸ் கம்பெனியைப் பற்றி. வீட்டுக்குக் கம்பி இழுக்காமல் காற்று வழியாகவே ஃபோனும் இன்டர்நெட்டும் கொடுத்தார்கள். வைமேக்ஸ் என்ற முறை. பெரிய கம்பெனிகளோ எல்.டி.இ. என்ற வேறொரு முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. நான் வைமேக்ஸ் கட்சி. என் சேமிப்பில் பெரும்பகுதி அந்தச் சின்னக் கம்பெனியில்தான் இருந்தது. எதிர்க்கட்சி, யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு டெலிகாம் இன்ஜினீயர். அண்ணா என்று கூப்பிடுவேன்.

"உலகம் முழுக்க எல்.டி.இ. பக்கம் போகுது தங்கச்சி. நாளைக்கு வைமேக்சுக்கு ஏற்ற ஃபோன் தயாரிக்கவே ஆக்கள் இருக்க மாட்டினம்" என்பார்.

"இவங்க நெட்வொர்க் இப்பவே ஓடுதுண்ணா. உங்க எல்.டி.இ. இன்னும் பேப்பர்லதானே இருக்கு?" என்று நானும் விட மாட்டேன்.

ஒரு ஞாயிறு அவர் சொன்னது மட்டும் உறுத்தியது. கம்பெனி டவர்களுக்கு வாடகை கட்டவில்லையாம். திங்கட்கிழமை முழுக்க அவர்கள் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. அவர்கள் ஆபீஸ் என் ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

கீழே வரவேற்பில் ஆள் இல்லை. லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு மூடாமல் இருக்க யாரோ ஒரு நாற்காலியை இடையில் வைத்திருந்தார்கள். உள்ளே திரைகளெல்லாம் இறக்கிவிடப்பட்டு, பகலிலேயே இருட்டு. நான் கால் வைத்ததும் தலைக்கு மேல் ஒரு விளக்கு தானாக எரிந்தது. இன்னும் நான்கடி நடந்தேன். அடுத்தது எரிந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னால் எரிந்தது அணைந்திருந்தது.

ஐம்பது மேசையாவது இருக்கும். ஓர் ஆள்கூட இல்லை. நாற்காலிகளின் முதுகில் கோட்டுகள் தொங்கின. ஒரு மேசையில் பாதி கடித்த சாண்ட்விச். ஆனால் ஃபோன்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்று நிற்கும், இரண்டு மேசை தள்ளி இன்னொன்று தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத யாரோ அந்த மேசைகளுக்கு நடுவே நடந்துபோவது போல இருந்தது. "எக்ஸ்கியூஸ் மீ" என்று கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடிவிடலாம் என்று திரும்பும்போது, என் கைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோன் அடித்தது. ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில் படபடவென்று பேசியது. நாட்டின் மறுகரையில், பெர்த்தில் வேலை செய்கிறாராம். சிட்னியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இந்தக் கம்பெனி ஃபோன்தான். காலையிலிருந்து அம்மாவுக்கு அடித்தால் மணியே போவதில்லை, 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் மட்டும் கேட்கிறது. என்னையும் அறியாமல் "ஐயோ" என்றுவிட்டேன்.

"நீங்கள் தமிழோ?" குரல் உடைந்தது. "அம்மாக்கு எழுபத்தாறு வயசு. கழுத்தில போட்டிருக்கிற எமர்ஜென்சி பட்டனும் இந்த லைன்லதான் வேலை செய்யும். ஆரையாவது அனுப்புங்கோ."

"நான் இங்க வேலை பார்க்கலீங்க. இந்தக் கம்பெனில ஷேர் வச்சிருக்கேன், அவ்வளவுதான். போலீசுக்குச் சொல்லிப் பாருங்களேன்?"

"கதவில பொலிசைக் கண்டா அவவுக்கு உயிர் போயிடும். ஊரில யுத்தத்துக்குள்ள இருந்து வந்தவ." கிண்டலே இல்லாமல் சொன்னார்: "ஷேர் இருக்கெண்டா கம்பனி உங்கடையும்தானே?"

முகவரியையும் அவர் எண்ணையும் எழுதிக்கொண்டேன். வென்ட்வொர்த்வில் என்ற புறநகர், காரில் பத்து நிமிடம். என்னிடம் கார் இல்லை. பக்கத்தில் வேலை செய்யும் அண்ணாவைத்தான் கூப்பிட்டேன். நான் வெளியேறும்போது மற்ற ஃபோன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

வழியில் அண்ணா வைமேக்ஸ், எல்.டி.இ. என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

வீட்டின் முன்கதவு பூட்டியிருந்தது. உள்ளே டி.வி. சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். கம்பெனியின் சின்ன வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அண்ணா முகம் மாறிவிட்டது.

"அது கரண்ட் இருக்கெண்டு மட்டும்தான் சொல்லும். நெட்வொர்க் செத்தாலும் அது எரியும்."

"அன்ரி! அன்ரி!" என்று கத்திக்கொண்டே அவர் பின்பக்கம் ஓடினார். பதில் இல்லை. பின்கதவில் இருவரும் காதை வைத்தோம். டி.வி. சத்தத்துக்கு அடியில் டக்... டக்... என்று ஏதோ தரையில் தட்டுப்பட்டது. நல்லவேளை, துணி துவைக்கும் அறையின் கதவு பூட்டவில்லை.

சமையலறைத் தரையில், குளிர்ந்த டைல்ஸ் மேல் கிடந்தார் அந்த அம்மா. கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒரு கையில் கரண்டி; அதைக் கொண்டுதான் தட்டியிருக்கிறார். இன்னொரு கை கழுத்துப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"விடிய விழுந்தனான் பிள்ளை. பட்டனை அமத்தினனான். பச்சை லைட் எரிஞ்சுது. அப்ப கட்டாயம் வருவீங்கள் எண்டு தெரியும்."

நான் என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். அண்ணா தன் மொபைலில் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, பெர்த்துக்கும் அடித்துக் கொடுத்தார். "பட்டனை அமத்த ஆக்கள் வந்திட்டினம் தம்பி, பயப்பிடாதை" என்று அந்த அம்மா மகனைத் தேற்றினார். நான் குனிந்து, போர்த்திய கோட்டைச் சரிசெய்தேன்.

அன்று காலையே கம்பெனி திவாலாகி, கையை விரித்து, ஊழியர்களை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக மறுநாள் தெரிந்தது. நெட்வொர்க்கையும் நிறுத்திவிட்டார்கள். என் பணம் திரும்பவில்லை. அண்ணா ஒருநாளும் "நான் அப்பவே சொன்னனான்" என்று சொன்னதில்லை.

இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் வாக்கரைப் பிடித்து நடந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்கப் போனபோதெல்லாம், பக்கத்துக் கட்டில்காரர்களிடம் "இது எங்கட ஃபோன் கம்பனிப் பிள்ளை. பட்டனை அமத்தின உடனே வந்தது" என்று பெருமையாகக் காட்டுவார். பெர்த்திலிருந்து வந்திருந்த மகன் தலையைக் குனிந்துகொள்வார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் போவேன். பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இப்போதும் பங்குகள் வாங்குகிறேன். ஆனால் ஒரு கம்பெனியை ஆதரித்து வாதாட வாயெடுத்தால், அதை நம்பி எங்கோ ஒரு வீட்டில் தனியாக ஒருவர் காத்திருப்பார் என்ற நினைப்பு வந்து, பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறேன்.