அப்ரூவ்டு சாம்பிளில் மூடியிருந்த மூன்று ஜன்னல்கள்

எட்டு வருஷம் திருப்பூரில் நான் கட்டியதெல்லாம் நிட்டிங் ஷெட்டும் டையிங் தொட்டியும்தான். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், லண்டனிலிருந்து திரும்பிய கையோடு எங்கள் பனியன் கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு கலர் போட்டோவை வைத்தார். இவருடைய பனியன்களை வாங்கும் வெள்ளைக்காரர், கிராமத்திலிருக்கும் தன் பரம்பரை மாளிகைக்கு அழைத்துப்போய் டீ கொடுத்திருக்கிறார். டீயோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இதே மாதிரி ஒரு ஊடு வேணுமுங்க இஞ்சினியரே. இதுதான் அப்ரூவ்டு சாம்பிள்."

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு வாங்கும் பையர் சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பும் மாதிரிதான் அப்ரூவ்டு சாம்பிள். அதில் லேபிள் கோணலாக இருந்தால், அத்தனை பீஸிலும் கோணலாகத்தான் இருக்கவேண்டும். ஒருமுறை எங்கள் டெய்லர் மாஸ்டர் அப்படியொரு கோணலை நல்லெண்ணத்தில் நேராக்கிவிட்டார். சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது, மாஸ்டர் வேலையிழந்து வீட்டுக்குப் போனார். அதன்பின் எங்கள் கம்பெனியில் யாரும் நல்லெண்ணம் வைத்துக்கொள்வதில்லை.

போட்டோவில் இருந்தது செங்கல் மாளிகை. நடுவில் பழைய கட்டடம், முன்னால் நான்கு தூண்கள், வலப்பக்கம் கட்டியவரின் பேரன் காலத்தில் ஒட்டவைத்த இன்னொரு பகுதி. சூளை வேறு என்பதால் செங்கல் நிறமும் வேறு. துணியில் ஷேடு மயிரிழை மாறினாலும் ரிஜெக்ட் செய்கிற முதலாளி, வீட்டுக்கு மட்டும் இரண்டு ஷேடும் கண்டிப்பாக வேண்டுமென்றார். பல்லடம் பக்கம் ஒரு சூளை, சேவூர் பக்கம் ஒரு சூளை என்று அலைந்து வாங்கினேன். கூரையில் புகைபோக்கி, ஹாலில் குளிர்காயும் அடுப்பு. சித்திரை வெயிலில் அந்த அடுப்புக்கு அளவெடுத்த கொத்தனார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சிக்கல் மாடியில்தான் வந்தது. இடப்பக்கம் வரிசையாக மூன்று ஜன்னல்கள். கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது.

"இது எதுக்குங்க மூடியிருக்குது?" என்று கேட்டேன்.

"சாம்பிள்ல மூடியிருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப மூடுங்க."

அந்த மூன்றுக்கும் பின்னால் வரப்போவது முதலாளியம்மாவின் அறை. வேறு பக்கம் ஜன்னல் வைக்க வழியில்லை. அவரே ஒருநாள் சைட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க இஞ்சினியரே, எனக்கு மூச்சு இழுப்பு இருக்குதுங்க. ஒரு ஜன்னலாவது தொறந்து வெச்சுக் கட்டுங்க."

டெய்லர் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன். "சாம்பிள்படிதானுங்கம்மா செய்யணும்" என்றேன்.

குடிபோன ஒரே வாரத்தில் அந்த அறையில் மூச்சுமுட்டி, அவர் ஹாலுக்கு இறங்கி வந்துவிட்டார். குளிர்காயும் அடுப்புக்கு முன்னால் பாய் விரித்து, டேபிள் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

மறு வருஷம் வெள்ளைக்காரர் வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கம்பெனி மேனேஜர் மொழிபெயர்த்தார். அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்களாம். அதற்குப் பயந்து அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் மூன்றை அடைத்துவிட்டாராம். வரி போனபிறகும் திறக்க யாருக்கும் நேரமில்லையாம்.

"உங்க ஊர்லயும் ஜன்னலுக்கு வரி உண்டான்னு கேக்கறாருங்க" என்றார் மேனேஜர்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைக்காரர் கார் ஏறியதும், "காலைல வந்து ஒடச்சுப் போடுங்க" என்றார்.

காலையில் கொத்தனாரும் நானும் கடப்பாரையோடு போனோம். முதல் ஜன்னல் திறந்ததும் காற்று உள்ளே வந்தது. முதலாளியம்மா அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூடறப்பவே இது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கம்மா."

"அவருக்குத் தெரியாதுங்க, சரி. படிச்ச நீங்க ஏனுங்க சொல்லுல?"

கொத்தனாரிடமிருந்து கடப்பாரையை வாங்கி இரண்டாவது ஜன்னலை நானே உடைத்தேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், சாம்பிளைக் கையில் வாங்கும்போதே ஏன் என்று கேட்டுவிடுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள் என்கிறேன். வெள்ளைக்காரரின் மூதாதை வரிக்குப் பயந்து மூன்று ஜன்னல்களை மூடினார். நான் என் வேலைக்குப் பயந்து மூடினேன். அவராவது தன் வீட்டு ஜன்னலைத்தான் மூடினார்.