கம்பைலர் ஒட்டியதும் ஒட்டாததும்

கெர்னல் எழுதுகிறவனை மெஷின் ஓடுகிற நாளில் யாருக்கும் தெரியாது. நின்ற நாளில் அவன் போன் நம்பர் எல்லாருக்கும் தெரியும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமடி. அங்கே தவறு நடந்தால் ஒரு புரோகிராம் மட்டும் நிற்காது, மெஷினே நின்றுவிடும். நாங்கள் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி பங்ஷனாக எழுதி, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வோம். நாங்கள் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், சில சமயம் "எதற்குக் கூப்பிட்டுக்கொண்டு?" என்று அந்தப் பங்ஷனின் உடம்பை அப்படியே கூப்பிட்ட இடத்தில் ஒட்டிவிடும். இதற்குப் பெயர் இன்லைன். ஒட்டினால் வேகம். ஆனால் எதை ஒட்டுவது, எதை விடுவது என்று பெரும்பாலும் அதுவேதான் முடிவு செய்யும்.

மயிலாடுதுறை ஜங்ஷன் பக்கம் ஓர் உரக்கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ். அரிசி மில்களுக்குக் கலர் சார்ட்டர் செய்தோம். அரிசி சரிந்து விழும்போது கேமரா பார்க்கும். கருப்பு அரிசி தெரிந்தால் ஒரு வால்வு திறந்து காற்று அதை ஊதித் தள்ளும். முதலாளி ஜமால் பாய், வளைகுடாவில் பேக்கிங் மெஷின்களோடு காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். மெஷினுக்குள் கேமராவையும் வால்வையும் ஆட்டிவைக்கும் நிரலை எழுத நானும் தேன்மொழியும். அவளுக்குக் கோபம் வந்தால் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கிடங்கு வரை கேட்கும்.

நன்னிலத்தில் முதல் மெஷின்

முதல் மெஷினை வாங்கியவர் நன்னிலம் மில்காரர் கலியபெருமாள். ஆபீசில் நாள் முழுக்க ஓடிய மெஷின், அவர் மில்லில் முழு லோடு கொடுத்ததும் அப்படியே உறைந்தது. அணைத்துப் போட்டால் ஓடும். மறுபடி லோடு ஏறினால் நிற்கும்.

தேன்மொழிதான் பிடித்தாள். ஏதாவது பிழை வந்தால் செய்தி எழுதுவதற்கென்று ஒரு பங்ஷன் இருந்தது. அபூர்வமாகத்தான் ஓடும், ஆனால் செய்தியை வைத்துக்கொள்ள நிறைய இடம் கேட்கும். ஒரே இடத்திலிருந்துதான் அதைக் கூப்பிடுகிறோம் என்று கம்பைலர் அதை எடுத்து, எந்நேரமும் ஓடும் முக்கியப் பங்ஷனுக்குள் ஒட்டிவிட்டது. அதனால் பிழையே வராதபோதும் அந்த இடம் ஒதுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கெர்னலுக்குள் ஸ்டாக் என்கிற இடம் மிகவும் குறுகல். லோடு ஏறியதும் நிரம்பி வழிந்தது. "இதை ஒட்டாதே" என்று அந்தப் பங்ஷன் தலையில் ஒரே ஒரு வார்த்தை எழுதினோம். சரியாகிவிட்டது.

பாய் இதைப் பெருமையாகப் போய் கலியபெருமாளிடம் சொன்னார். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு வார்த்தைக்காவா பாய், என் ஆளுங்களையெல்லாம் கைய கட்டிக்கிட்டு உக்கார வச்சீங்க?"

பெயர் இருக்கிறது, ஆள் இல்லை

வால்வு எப்போது திறக்கிறது என்று அளக்க வேண்டியிருந்தது. வால்வு திறக்கும் பங்ஷனில் தேன்மொழி ஒரு கண்காணிப்பை வைத்தாள். மெஷினை ஓடவிட்டோம். கண்காணிப்பில் ஒன்றுமே பதிவாகவில்லை. அந்தப் பங்ஷன் பக்கம் யாரும் வரவே இல்லை என்று அது சொன்னது. பக்கத்தில் வால்வுகளோ டக்டக்கென்று திறந்து காற்றடித்துக்கொண்டிருந்தன.

கம்பைலர் அந்தப் பங்ஷனைக் கூப்பிட்ட இடத்திலேயே ஒட்டியிருந்தது. வேறெங்கிருந்தாவது யாராவது கூப்பிடலாம் என்று ஒரு பிரதியைத் தனியாகவும் விட்டுவைத்திருந்தது. நாங்கள் காவல் இருந்தது யாருமே கூப்பிடாத அந்தப் பிரதிக்கு. இது புரிவதற்கு முன் காலையும் போய், சாப்பாட்டு நேரமும் போயிருந்தது. பாய் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை உள்ளே வந்து சொன்னார்: "சத்தம் கேக்குதுல்ல, அப்ப வேலை செய்யுது. எங்கேர்ந்து செய்யுதுன்னு சாப்பிட்டுட்டு வந்து தேடிக்கலாம்மா, எந்திரிங்க."

தேன்மொழியின் இன்டர்வியூ

தை மாதம். சம்பா அறுவடை முடிந்து மில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்ற நேரம். அதற்குச் சற்று முன்புதான் கம்பைலரை மாற்றியிருந்தோம். புதுசு எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆபீஸ் மெஷினில் அருமையாக ஓடியது. நன்னிலத்துக்கு அனுப்பினோம். அங்கே மெஷின் எழுந்திருக்கவே இல்லை.

பாயின் காரில் மூவரும் கிளம்பினோம். வழியில் தேன்மொழி மெதுவாகச் சொன்னாள், மத்தியானம் அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ, போனில், வீடியோவோடு. பாய் காரை ஓரம் கட்டினார். வீட்டில் இறக்கிவிடுகிறேன், மில்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அவள் கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவள் இல்லாமல் அந்த மில் வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை.

கலியபெருமாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மட்டும் சொன்னார். அவர் வார்த்தையை நம்பி வாங்கிய மில்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தன. அவர் திருப்பிக் கொடுத்தால் எங்கள் ஆபீசை மூடவேண்டியதுதான்.

நான் பழைய நிரலை ஏற்றத் தொடங்கினேன். தேன்மொழி தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, கம்பைலர் எழுதியதை வரிவரியாகப் படித்தாள். கேமரா தயாராகிவிட்டதா என்று ஒரு பங்ஷன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முன்பு அது தனிக் கோப்பில் இருந்ததால், கம்பைலருக்கு உள்ளே நடப்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் போய்ப் பார்த்தது. புதுக் கம்பைலர் அதை ஒட்டிவிட்டு, ஒரு முறை பார்த்தாயிற்று, தயாரில்லை, இனி யார் மாற்றப்போகிறார்கள் என்று மெஷினை அதே பதிலோடு சுற்றவிட்டது. ஆபீசில் இருந்தது புதுக் கேமரா, பார்ப்பதற்குள் தயாராகிவிடும். மில்லில் இருந்தது பழசு, தயாராக நேரமெடுக்கும்.

அவள் அதைக் கண்டுபிடித்த நேரத்தில்தான் இன்டர்வியூ போன் வந்தது. மில் ஆபீஸ் அறைக்கு எடுத்துப் போனாள். கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்லைன் செய்வதில் என்ன ஆபத்து என்று கேட்டார்களாம். அவள் போனைத் திருப்பி, நின்றுகொண்டிருந்த மெஷினைக் காட்டி, "இதோ எதிர்ல நிக்குதுங்க" என்றாளாம்.

பழைய நிரல் ஏறியதும் மெஷின் ஓடியது. ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று எழுதி, புது நிரலையும் அன்றே ஏற்றிக் காட்டினோம். நாங்கள் கிளம்புவதற்குள் அவளுக்கு வேலை கிடைத்த செய்தியும் வந்துவிட்டது. பாய் அவளை வாழ்த்தினார். பிறகு காரைத் துடைக்கப் போனார், வெகுநேரம் துடைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனேன். அதுவரை சிரிக்காத கலியபெருமாள் சிரித்தார்: "ரிப்பேருக்கு வந்த பொண்ணு, வேலையையும் வாங்கிக்கிட்டுப் போவுது."

இம்முறை ஒட்டவில்லை

அவள் போன பிறகு இன்னொரு கம்பைலர் வந்தது. நன்னிலத்தில் தினமும் காலையில் மெஷினை அணைக்காமலே கேமராவைக் கழற்றித் தவிட்டுத் தூசியைத் துடைத்து மாட்டுவார்கள். இப்போது மாட்டியதுமே மெஷின் செத்தது.

கெர்னலில் சில பங்ஷன்கள் மெஷின் எழும்போது மட்டும் தேவை. எழுந்ததும் அவை இருந்த இடத்தைக் கெர்னலே காலி செய்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் கேமரா மாட்டும்போதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பழைய கம்பைலர் ஒட்டியே வைத்திருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை. புதுசு ஒட்டவில்லை, மெஷின் காலி இடத்துக்குப் போய்க் குதித்தது. கம்பைல் செய்யும்போது எச்சரிக்கை வரியும் வந்திருக்கிறது. நம்மில் யார் அதையெல்லாம் படிக்கிறோம்?

தேன்மொழிக்குப் போன் செய்து, இத்தனை வருஷம் ஒட்டியது இப்போது ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, திருத்த வேண்டிய இடத்தைச் சொன்னாள். கடைசியாக: "நான் போனதுல அதுக்கும் மனசு விட்டுப்போச்சு போலண்ணே."

பாய் பிறகு தொழிலைக் கோயம்புத்தூர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டார். நான் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கெர்னல் எழுதுகிறேன். என் தப்புகளை மனிதர்கள் பார்ப்பதற்கு முன் ஒரு நிரல் பார்த்துச் சொல்லிவிடுகிறது, திட்டுவதற்கு ஆளில்லை.

எல்லாம் வேகமாக ஓடவேண்டும் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், ஆனால் மனதில் தங்கியிருப்பதெல்லாம் மெஷின் நின்றுபோன நாட்கள்தான், அதில் ஒன்றை யாராவது திருப்பித் தந்தால் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்வேன்.