பட்டுச்சேலை கட்டிய கம்ப்யூட்டர்

ஹந்தானைத் தோட்டத்து அழகமுத்துவின் பதினாறு வயதுக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து, மகளின் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. மழைக்குப் பயந்து, பெட்டியை மனைவியின் பட்டுச்சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் கண்டி பஸ்ஸில் ஏறினார்.

"எந்தக் கோயில் சாமிங்க?" என்று கேட்ட முன்சீட்டுப் பேச்சியம்மா, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து இடம் கொடுத்தாள். முழங்கால் வலிக்காரரான அழகமுத்து மறுக்கவில்லை. டவுன் வருவதற்குள் சேலைமேல் மாலையும் குங்குமமும் ஏறிவிட்டன. பாதிப் பஸ் கூடவே இறங்கி ரிப்பேர் கடைவரை வந்தது.

கடைக்காரி சர்மிளா ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் பேச்சியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமியவே கழட்டப் போறியா புள்ள?"

அழகமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் படங்கள் போய்விடும்.

சர்மிளா மாலையைப் பார்த்தாள், அவர் முழியையும் பார்த்தாள். "அலங்காரம் பண்ணணும்மா. தெர போடாம எப்புடி?" என்று கடைத் திரையை இழுத்துவிட்டாள். வெளியே அரோகரா முழங்க, உள்ளே வைரஸ் ஒழிந்தது.

ஒரு மணி நேரத்தில் திரை விலகியது. மீட்ட முதல் படம் கடை மானிட்டரில் நின்றது: கல்யாணப் பந்தியில், வாய் நிறைய லட்டுடன் அழகமுத்து. பாதிப் பஸ்ஸும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமிக்கு அப்படியே உங்க சாடைங்க," என்றாள் பேச்சியம்மா. "பரம்பரைப் பூசாரியோ?"