அவள் சொல்லிப் பழகிய வார்த்தை

என் மனைவிக்கு மூளையில் அடைப்பு வந்தபோது நாற்பத்தாறு வயது. கையும் காலும் மூன்று மாதத்தில் ஓரளவு தேறின. பேச்சு தேறவில்லை. மனதில் ஒன்று இருக்கும், வாயில் வேறொன்று வரும். செருப்பைக் குடை என்பாள். பாலைத் தயிர் என்பாள். சொன்ன மறுகணமே தப்பென்று அவளுக்கே தெரிந்து முகம் சுருங்கிவிடும்.

நான் மண்ணூர்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவன். இருபது வருடமாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டிலும் அதையே செய்தேன். அன்போடுதான் செய்கிறேன் என்று நம்பினேன்.

"தயிர் இல்ல, பால். சொல்லு."

"த..."

"பால். என் வாயைப் பாரு. பா...ல்."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். அவள் தப்பாகச் சொன்ன வார்த்தைகள் இடது பக்கம், சரியானவை வலது பக்கம். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்கச் சொல்வேன். நாளாக ஆகப் புது வார்த்தைகள் குறைந்தன. ஒரு வாரம் எழுத எதுவுமே இல்லை. தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்பது உறைக்க இன்னும் நான்கு நாள் ஆனது.

பூந்தமல்லியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் உள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. தடுக்கித் தடுக்கி, ஆனால் நிற்காமல்.

பிறகு அவர் வெளியே வந்து சொன்னார்: "தப்பா சொன்னாலும் அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு உங்களுக்குப் புரியுதுல்ல சார்? அதுக்குப் பதில் சொல்லுங்க. சரியான வார்த்தை உங்க பதில்ல தானா வரட்டும்."

தலையாட்டினேன். அது எப்படி என்று கண்ணால் பார்த்தது ஒரு சனிக்கிழமை மதியம்தான். நூம்பலில் எங்கள் ஃப்ளாட் வாசலில் இஸ்திரி போடும் பெண்ணின் தள்ளுவண்டி நிற்கும். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"மழை... ரொம்ப மழை" என்றாள், கொளுத்தும் வானத்தைக் காட்டி.

"ஆமாக்கா, இன்னா வெயிலு! பொட்டி புடிச்ச கைகூட வேவுது" என்றாள் அந்தப் பெண், புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெயிலு" என்று என் மனைவி சிரித்தாள். நோய் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றே தாளைக் கிழித்துப் போட்டேன். இனிமேல் திருத்த மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அதன் பிறகும் வாரக்கணக்கில் அதே அசைப்புதான்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்:

"சாப்பிட்டீங்களா?"

ஒரு எழுத்து பிசகவில்லை. நான் கை தட்டினேன். "பிரமாதம்! சுத்தமா வந்திருச்சு! இன்னொரு தடவை சொல்லு!"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கைக்குப் போன் போட்டு நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் மறுபடியும் அடைப்பு. இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இஸ்திரிக்காரப் பெண் படியேறி வந்தாள். கையில் மடித்த இரண்டு புடவைகள்.

"யக்கா இஸ்திரிக்குக் குடுத்தது சார். திருப்பிக் குடுக்கவே மனசு வரல." புடவைகளை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றாள். "முன்னாடி ஒரு வாரம் முழுக்க ஒரே பேச்சதான் என்கிட்ட சொல்லிகினு இருந்துச்சு. சாப்ட்டீங்களான்னு கேக்கணுமாம். வேற இன்னாவோ வரும், திரும்பவும் மொதல்லருந்து சொல்லும். ஊட்டுக்காரர்கிட்ட தப்பில்லாம கேக்கணும்னு அதுக்கு. கேட்டுச்சா சார்?"

"கேட்டா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

நாற்காலியிலிருந்த புடவைகளைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

என் மனைவி கேட்ட அன்றைக்குக் கம்பெனி கேன்டீனில் எலுமிச்சை சாதம். பாதியை வைத்துவிட்டு எழுந்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்க அவள் அடுத்த வார்த்தையைத் தேடியிருப்பாள். அது தப்பாகத்தான் வந்திருக்கும். எனக்குப் புரிந்திருக்கும்.