உயிரோடு இருந்தவருக்கு ஓர் ஒப்பாரி

"ஐயோ அண்ணாத்தே! இப்டி எங்களை அம்போன்னு உட்டுட்டுப் போய்ட்டியே!"

கூடத்திலிருந்து வந்த அந்த ஓலத்தில், பூங்காவனத்தின் கையிலிருந்த கரண்டி உப்புமாவுக்குள்ளேயே விழுந்தது. அடுப்பை அணைக்கவும் தோன்றாமல் ஓடி வந்தாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள் தனபாக்கியம். பக்கத்தில் வாழையிலையில் சுற்றிய ஆளுயர ரோஜா மாலை.

தனபாக்கியம் யாரோ எவரோ அல்ல. வரும் வெள்ளிக்கிழமை பூங்காவனத்தின் மகள் கிருஷ்ணப்பிரியாவை நிச்சயம் செய்யப்போகும் வினோத்தின் அத்தை. தாயில்லாத பிள்ளையைக் காட்டுப்பாக்கத்தில் வளர்த்து ஆளாக்கியவள். அந்த வீட்டில் அவள் 'சரி' என்றால் சரி, 'வேணாம்' என்றால் வேண்டாம்.

"சம்பந்தியம்மா! யாருக்கு இன்னா ஆச்சு?" பூங்காவனம் அவள் தோளைப் பிடித்தாள்.

தனபாக்கியம் நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தாள். அழுகை இரண்டு மடங்கானது. "அடிப்பாவி மவளே! இம்மாம் பெரிய பொட்டு வெச்சிகினு நிக்கிறியே! உனுக்கு இன்னும் யாரும் சொல்லலியா? உன் புருசன் நம்மள உட்டுப் போய்ட்டாரும்மா!"

பூங்காவனத்தின் கை தானாகத் தாலியைப் பற்றியது. பத்தொன்பது வயதில் கழுத்தில் ஏறிய தாலி. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் பஸ் ஏறினாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துத் தைத்தே ஒரு வீட்டையும் ஒரு மகளையும் உருவாக்கினாள். அந்தக் கணத்தில் அவளுக்கு உலகமே இருண்டது.

ஆனால் இருட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. குளியலறையிலிருந்து, சுருதி சேராமல், சோப்பு நுரையோடு.

கதவு திறந்தது. இடுப்பில் துண்டும் தலையில் ஈரமுமாகத் திருவேங்கடம் வெளியே வந்தார். "இன்னாம்மா சத்தம்? யார்னா பூட்டாங்களா?" என்றார்.

தனபாக்கியம் அலறிய அலறலில் மாடியில் குடியிருக்கும் ரெனிதா இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்துவிட்டாள்.

ஒரு சொம்பு தண்ணீர், முந்தானையால் விசிறல், 'நான்தான் சம்பந்தியம்மா, தொட்டுப் பாரு' என்று திருவேங்கடம் நீட்டிய கை. இத்தனையும் ஆன பிறகுதான் தனபாக்கியம் தன் போனை எடுத்து நீட்டினாள்.

ஃப்ரெண்ட்லோ என்ற சமூக வலைத்தளத்தில் திருவேங்கடத்தின் பக்கம். ஒரு மெழுகுவத்திப் படம். அதன் கீழே, 'அன்னாரின் நினைவாக'.

ஃப்ரெண்ட்லோ என்றாலே பூங்காவனத்துக்கு ஆகாது. லேத் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவர் அந்தப் போனோடுதான் குடித்தனம் நடத்துகிறார். விடிந்ததும் மொட்டை மாடியில் ஏறி அயனம்பாக்கம் ஏரியைப் படம் பிடித்து, 'இனிய காலை வணக்கம்' போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார். "அது எனக்கு வந்த சக்களத்தி" என்று பூங்காவனம் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"நேத்துலேர்ந்து உள்ளயே போவ முடியல. பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் திருவேங்கடம். "செத்துட்டேன்னு தெரியாது எனுக்கு."

ரெனிதா பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். சட்டென்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அங்கிள், இந்தப் போட்டோவை நீங்களா போட்டீங்க?"

அறுபதாம் கல்யாணப் படம். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது எடுத்தது. கழுத்து நிறைய மாலை, நெற்றியில் சந்தனம், இரண்டு கண்ணும் மூடியிருந்தன. பக்கத்தில் குத்துவிளக்கு. பூங்காவனத்தை ஒரு பக்கமாக வெட்டிவிட்டு, தன்னை மட்டும் நடுவில் வைத்து, சுற்றிலும் கறுப்பு பார்டர் போட்டிருந்தார்.

"கறுப்பு ராயலா இருக்கும்னு போட்டேன்" என்றார் திருவேங்கடம். "கண்ணு மூடியிருந்தா தியானம் மாதிரி ஒரு இது..."

"என்னை வெட்டினதுக்கு நல்லா வேணும்" என்றாள் பூங்காவனம். சொன்ன கையோடு அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சூடாகத்தான் இருந்தது.

படத்துக்குக் கீழே அவருடைய நண்பர் கொரட்டூர் கோகுல்நாத், 'எங்கள் நெஞ்சில் என்றும் வாழும் அண்ணன்' என்று எழுதியிருந்தார். அது வாழ்த்து. ஆனால் ஃப்ரெண்ட்லோவில் படங்களைப் பார்த்து முடிவெடுக்கும் மெஷினுக்கு அது தெரியுமா?

"முன்னாடி நான் ஃப்ரெண்ட்லோவுல வேலை பார்த்தப்போ இந்த மாதிரி தமிழ்ப் படமெல்லாம் எங்க டீமுக்குத்தான் வரும் ஆன்ட்டி" என்றாள் ரெனிதா. "பார்த்ததும் சொல்லிடுவோம், இது கல்யாண மாலை, இது சாவு மாலைன்னு. மெஷினே பார்த்துக்கும்னு சொல்லி எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க இல்ல? அது மாலையைப் பார்த்துச்சு, கறுப்பு பார்டரைப் பார்த்துச்சு, ஆள் இறந்துட்டார்னு முடிவு பண்ணி அங்கிள் பக்கத்தைப் பூட்டிடுச்சு."

வேலை போன அன்று ரெனிதா இதே கூடத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதது பூங்காவனத்துக்கு நினைவு வந்தது. அன்றிரவு அவளை வற்புறுத்தித் தோசை ஊற்றிக்கொடுத்ததும் பூங்காவனம்தான். இப்போது வேறொரு கம்பெனியில் ரெனிதாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? மெஷினுக்குச் சொல்லித்தரும் வேலை. சம்பளம் மட்டும் பழையதைவிடக் குறைவு.

ரெனிதா உட்கார்ந்த இடத்திலேயே ஃப்ரெண்ட்லோவுக்குப் புகார் எழுதி அனுப்பினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.'

திருவேங்கடத்தைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினாள். 'மறைந்தவரின் இனிய படத்தைப் பகிர்ந்தமைக்கு நன்றி.'

"இது இன்னா கூத்து, உயிரோட கீறவனை சுடுகாட்டுலேர்ந்து எழுந்து வர உடமாட்டேங்குது!" என்றார் திருவேங்கடம். ஆனால் அவர் முகத்தில் ஒரு ரகசியச் சந்தோஷம். தனபாக்கியத்தின் போனை வாங்கி, இரங்கல்களை ஒன்றொன்றாகப் படிக்கத் தொடங்கியிருந்தார். "பூங்கா, இங்க பாரேன். கோகுல்நாத் இப்போ கவிதையே எழுதிக்கீறான்! 'ஆலமரம் சாய்ந்ததே'வாம். ரெண்டு வருசமா நேர்ல பாத்தா முகம் குடுத்துப் பேசாதவன்!"

பூங்காவனத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரெனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தனபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரி" என்றாள். அவள் பார்வை தரையில் கிடந்த மாலையின் மேல் இருந்தது. "சாவு மாலை வாசப்படி தாண்டி உள்ள வந்துடுச்சு. நான் நடுக்கூடத்துல உக்காந்து ஒப்பாரி வெச்சுட்டேன். இதுக்கப்பறம் வெள்ளிக்கெயம இதே கூடத்துல தட்டு மாத்துறதா? என் மனசு ஒப்பல சம்பந்தி. ஒரு வருசம் போவட்டும்."

ரெனிதா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

ஒரு வருஷம்! கிருஷ்ணப்பிரியா பார்த்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அம்மாவின் கண்ணீரை வற்ற வைத்தவள். வினோத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் முதன்முதலாகத் தலையைக் குனிந்துகொண்டு, "உன் இஷ்டம்மா" என்றாள். அந்தக் குனிந்த தலைக்குள் எத்தனை ஆசை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பாங்க்குக்குக் கிளம்பும்போது காலையில்கூட நிச்சயப் புடவையை மடியில் வைத்துத் தடவிவிட்டுத்தானே போனாள்! தள்ளிப்போகும் சம்பந்தம் திரும்பி வராமலே போனதைப் பூங்காவனம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்!

"நீ போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சம்பந்தியம்மா" என்று மெதுவாக இழுத்தார் திருவேங்கடம்.

"எழவு ஊட்டுக்குப் போன் போட்டு, 'செத்துட்டாரா, இல்லையா'ன்னு கேப்பாங்களா? நல்லா கீது நாயம்!"

சூழ்நிலையை லேசாக்கத்தானோ என்னவோ, ரெனிதா வாயைத் திறந்தாள். "அங்கிளுக்கு நேரமே சரியில்ல ஆன்ட்டி. போன வாரம்தான் மாடியில ஏரியைப் போட்டோ எடுக்கும்போது காக்கா வந்து பொட்டுனு தலையில தட்டிட்டுப் போச்சு. நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன்."

"இன்னாது!" பூங்காவனம் கணவன் பக்கம் திரும்பினாள். "காக்கா தலையில தட்டுச்சா? எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீ பயப்படுவியேன்னுதான்..."

அவரைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். எதையோ பிடித்துவிட்டவள்போல அவள் முகம் மாறியது. விறுவிறுவென்று வந்து தனபாக்கியத்தின் எதிரே தரையில் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா, காக்கா தலையில தட்டுனா உங்க பக்கத்துல இன்னா செய்வாங்க?"

"இன்னா செய்வாங்க... ஆள் பூட்டாருன்னு சொந்தத்துக்குப் பொய்யா சேதி சொல்லி அனுப்புவாங்க. அவுங்க நெசம்னு நம்பி அழுதா தோசம் கழிஞ்சுடும். அப்பறம் உண்மைய..." தனபாக்கியத்தின் பேச்சு பாதியில் நின்றது.

"நீங்க நம்புனீங்களா, இல்லையா?"

"நம்பாமயா மாலை வாங்கினு வந்தேன்?"

"அழுதீங்களா, இல்லையா?"

"இன்னும் தொண்டை எரியுதுடியம்மா!"

"அவ்ளோதான்!" பூங்காவனத்தின் கண்களில் நீர் முட்டியது. "நான் தந்தி குடுக்கல, ஆள் அனுப்பல. எங்களுக்கே தெரியாம அந்த மெஷின் சேதி அனுப்பிச்சு. கூடப்பொறந்தவ மாதிரி ஓடியாந்து, மாரடிச்சு அழுது, என் தாலியக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க. நீங்க கொண்டாந்தது அபசகுனம் இல்ல சம்பந்தியம்மா. அவரு ஆயுசு!"

தனபாக்கியம் தன் கைகளை விடுவித்துக்கொண்டாள். மாலையைப் பார்த்தாள். துண்டோடு நின்ற திருவேங்கடத்தைப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஊட்டுக்குப் போய் மொதல்ல தலை முழுவணும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். மாலையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

பூங்காவனம் அவள் பின்னாலேயே போனாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அடுத்து ஒரு சாவுக்கு வரக்கூடாதே என்று வாய் திறக்காமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படித்தான் தனபாக்கியமும் வாய் திறக்காமல் நடந்தாள். கூடத்தைக் கடந்தாள். வாசற்படியில் ஒரு கால், வெளியே ஒரு கால்.

அங்கேயே நின்றாள். திரும்பினாள்.

"போய்ட்டு வரேன் சம்பந்தி" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "வெள்ளிக்கெயம காலைலயே வந்துடுவோம். அண்ணாத்தே, அன்னிக்காவது சட்டையப் போட்டுகினு நில்லு!"

திருவேங்கடம் துண்டை இறுக்கிக்கொண்டு கும்பிட்டார். அவள் தெருமுனை திரும்பும்வரை பூங்காவனம் வாசலில் நின்று கையாட்டினாள். பிறகு, முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாகக் கதவைச் சாத்தினாள்.