மயில்கழுத்துக்கு மேட்சிங்

சில வாரங்களுக்கு முன்பு என் வீட்டுக் கேட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஆன்லைனில் ஆர்டர் செய்த பிளவுஸ் துண்டு.

படத்தில் அது மயில்கழுத்து நிறம். பிரித்துப் பார்த்தால்... ஆஸ்பத்திரித் திரைச்சீலைப் பச்சை! சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கொண்டுவந்தவரிடம் காட்டலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கண்டிக்குப் பக்கத்து எங்கள் அம்பிட்டிய இறக்கத்தில் பாதி தூரம் போயிருந்தார். அவரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும், "ஐயோ, வேற கலர் வந்திருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்ல மனுஷருக்கு ஓர் ஆள் வேண்டாமா?

சேலைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பிரகாஷுக்கு லண்டனில் கல்யாணம். பெண் நிரோஷா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், லண்டனிலேயே வளர்ந்தவள். நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா உடுத்துவதற்கென்று மகனே போனில் தேடி ஒரு பட்டுச்சேலை வாங்கினான். அவன் லண்டனில் இருந்து விரலால் தட்டினான். சேலை இந்தியாவிலிருந்து கிளம்பி அம்பிட்டியவுக்கு வந்து சேர்ந்தது. மயில்கழுத்து. இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை.

கூடவே வந்த பிளவுஸ் துண்டு முழங்கை வரை கை வைக்கப் போதாது என்று டெய்லர் சொல்லிவிட்டார். துண்டு சின்னது என்றுதான் சொன்னார். என் கை பெரியது என்று சொல்லாதது அவருடைய நாகரிகம்.

அப்படியானால் லண்டன் பயணமா என்று கேட்பீர்கள். இல்லை. விசா கிடைக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் எனக்கு மனப்பாடம். கணவர் இல்லை. இருக்கிற ஒரே பிள்ளையும் அங்கே. டீச்சர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. ஆகவே திரும்பி வருவதற்கு இங்கே எனக்கென்று யாரும் இல்லை... போனால் வரமாட்டேன்!

வாரா வாரம் உங்களோடு பேசுவதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வாசகர்கள் சொந்தக்காரர்களில் சேர மாட்டார்களாம்.

ஆக, மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்துக்குப் போவது வீடியோ கோலில். இருந்தால் என்ன? சேலை சேலைதானே. பிளவுஸ் மேட்ச் ஆக வேண்டாமா?

சேலையைப் பையில் போட்டுக்கொண்டு கண்டி டவுனுக்கு பஸ் ஏறினேன். ஒரு மாலுக்குத்தான் போனேன். பெயர் வேண்டாம்... உள்ளே இன்னும் கொஞ்சப் பேர் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எஸ்கலேட்டர் ஓடவில்லை. நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரணப் படியை விடக் கஷ்டம். அது தூக்கிக்கொண்டு போகும் என்று கால் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. முதல் மாடியில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. பிள்ளைகள் ஏறி ஆடும் யானைக்கு பொலித்தீன் உறை போட்டுக் கட்டியிருந்தார்கள். பாட்டு மட்டும் யாருக்காகவோ பாடிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் சனிக்கிழமை பின்னேரம் இங்கே நடக்க இடம் இருக்காது. ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வாங்குகிறவர்கள் கொஞ்சம், பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஏசி குளிரில் ஒரு சுற்று, ஆளுக்கொரு ஐஸ்கிரீம், தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு "அட, நீங்களுமா!" என்று ஒரு சிரிப்பு. என் வீட்டுக்காரர் துணிக்கடைக்கு உள்ளே வரவே மாட்டார். வெளியே பைகளோடு நின்று, அதே போலப் பைகளோடு நிற்கிற மற்றக் கணவன்மாரோடு கிரிக்கெட் பேசுவார்.

இப்போது எல்லாச் சாமானும் வீட்டுக்கே வருகிறது. வசதிதான். நானும்தான் தட்டுகிறேன். ஆனால் "நீங்களுமா" என்று கேட்க ஒருவரும் பார்சலில் வருவதில்லையே!

இரண்டாம் மாடியில் நிசாம் நானாவின் கடை திறந்திருந்தது.

நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; அவர் பிளவுஸ் துண்டும் லைனிங்கும் விற்கிறவர். எனக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். எந்தத் துணியை எடுத்தாலும் "அச்சொட்டு", அதாவது அச்சடித்த மாதிரிப் பொருத்தம், என்பார். அப்படி அச்சொட்டு என்று சத்தியம் செய்து ஒரு தடவை கறுப்புச் சேலைக்குக் கருநீலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. கோயில் வாசலில் வெயில் பட்டதும் ஊருக்கே தெரிந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம்: வெளிச்சத்தில் பார்க்காமல் வெட்டக் கூடாது.

அந்த மாடியின் கோடியில், ரோட்டைப் பார்த்த மாதிரி பெரிய கண்ணாடிச் சுவர் உண்டு. மேட்சிங் வாங்க வருகிற பெண்கள் எல்லோரும் துணியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார்கள். பின்னாலேயே கடைக்காரரும் வருவார். கூட்ட நாட்களில் அந்தக் கண்ணாடி முன்னால் ஆளுக்கொரு சேலையோடு ஒரு வரிசையே நிற்கும். முன்பின் தெரியாதவள் எட்டிப் பார்த்து, "அது வேணாங்க, இது எடுங்க" என்பாள். கேட்காமலே அபிப்பிராயம் கிடைக்கிற இடம் அது.

"மிச்சம் நாளா காணல்ல டீச்சர்," என்று உட்காரக் கதிரையைத் தள்ளினார் நானா. கடையில் வேறு ஒரு குருவி இல்லை. வியாபாரம் எப்படி என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

"யாவாரம் நல்லாத்தான் ஈக்கிது டீச்சர். ஆக்கள்தான் வாரல்ல," என்றார்.

அவருடைய மகள் பிலிமத்தலாவை வீட்டில் இருந்து பேஸ்புக் லைவில் துணி விற்கிறாளாம். போனுக்கு முன்னால் நின்று துண்டைக் காட்ட வேண்டியதுதான். நாடு முழுக்க ஆர்டர் வருகிறதாம். முன்னைவிட இப்போது விற்பனை கூடவாம். அதனால் இந்த மாதக் கடைசியோடு இங்கே கடையை மூடிவிட்டு அவரும் வீட்டோடு இருக்கப் போகிறார். இதைச் சொல்லும்போது அவர் கவலைப்படவில்லை. வியாபாரி அல்லவா! ஆனால் என்னை உட்கார வைத்து, யாரைக் கண்டீர்கள், அம்பிட்டிய பக்கம் மழையா, முழங்கால் எப்படி என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். லைவில் வருகிறவர்கள் விலையை மட்டும்தான் கேட்பார்களாம்.

பிறகு சட்டப்படி கண்ணாடிக்குப் போனோம். அவர் கையில் நாலைந்து துண்டு, என் தோளில் சேலை. அந்த நீளக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு துண்டு வெயிலில் சேலையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கே சேலை முடிகிறது, எங்கே துண்டு தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"அச்சொட்டு," என்றார். இந்த முறை உண்மை.

வெட்டப் போகும் முன் கல்யாண வீட்டாரிடம் வழமையாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எந்த வெளிச்சத்துல உடுக்கிற டீச்சர்? பகல் முகூர்த்தமா, கல்யாண ஹோல் லைட்டா?"

சொன்னேன். வேறு என்ன செய்ய? மகன் அங்கே, நான் இங்கே, என் வீட்டு முன் அறை, ஒரு போன்.

நானா சட்டைப்பையில் இருந்து தன் போனை எடுத்து கேமராவைத் திறந்தார். துண்டை என் தோளில் போடச் சொல்லிவிட்டு, எட்டி நின்று போனுக்குள் பார்த்தார். முகம் சுளித்தார். திருப்பி எனக்குக் காட்டினார். உண்மைதான். போனில் சேலை நீலமாகவும் துண்டு பாசிப் பச்சையாகவும் இருந்தன.

அடுத்த துண்டு. அதற்கடுத்தது. கடைசியில், வெயிலில் கொஞ்சம் ஊதா அடித்த ஒன்று போனில் அப்படியே சேலையோடு கலந்துவிட்டது.

"போனுக்குத்தானே உடுக்கிற. அப்ப இதுதான் சரி," என்று சொல்லி அதை வெட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கல்யாணம். அங்கே காலை முகூர்த்தம், இங்கே பின்னேரம் இரண்டரை மணி. தலைக்குக் குளித்து, சேலை கட்டி, பூ வைத்து, பால்மா டின்னில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தட்டில் மஞ்சள் தடவிய அரிசி. திரையின் மூலையில் என் சதுரம் சின்னதாகத் தெரிந்தது. பிளவுஸ் அத்தனை பொருத்தம்! நானாவை மனதுக்குள் பாராட்டினேன்.

மண்டபத்தில் போனைப் பிடித்திருந்தது நிரோஷாவின் தங்கை. பாவம், நல்ல பிள்ளை. "மாமி, தெரியுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரிந்தது. மகன் தெரிந்தான். மணவறை தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது... அவள் பின்பக்கக் கேமராவால் மணமக்களைக் காட்டுகிறாள். அப்படியென்றால் என் முகம் இருப்பது அவள் பக்கம். அவளும் மணவறையைத்தானே பார்ப்பாள்? மண்டபம் நிறைந்த சனத்தில் ஒருவருக்குக்கூட நான் தெரியவில்லை.

தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள். நானும் எழுந்து போட்டேன். போனுக்குத்தான்! வேறு எங்கே போடுவது? வீசிய வேகத்தில் என் கை டின்னில் தட்டி, டின் சரிந்து, போன் குப்புற விழுந்து, கோல் கட்டாகிவிட்டது.

திரும்ப எடுத்தேன். மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் அந்த நேரம் யாருக்கு போன் சத்தம் கேட்கும்? கோபம் இல்லை. மேசையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பொறுக்கி முடித்துப் பார்த்தால் வெளியே இன்னும் நல்ல வெயில். இந்தச் சேலையை இப்படியே அவிழ்த்து மடித்து வைப்பதா? ஒரு மனுஷர் பார்க்காமல்?

ஆட்டோவைக் கூப்பிட்டு டவுனுக்குப் போனேன்.

பட்டுச்சேலையும் பூவுமாக நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறினேன். செக்யூரிட்டிக்காரர் எழுந்து நின்று வழிவிட்டார். ஏதோ திறப்பு விழா என்று நினைத்திருப்பார். நிசாம் நானா பெட்டிகளுக்குள் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு, "வாங்க டீச்சர், வெளிச்சம் போக முந்திப் பார்ப்போம்," என்று முன்னால் நடந்தார்.

கண்ணாடி முன்னால் நின்றேன். சாயங்கால வெயில் நேராக மேலே விழுந்தது. சேலை பச்சையாக மினுங்கியது. பிளவுஸ் ஊதா. மேட்ச் ஆகவே இல்லை! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நானா போனை எடுத்து, எட்டி நின்று, அதற்குள் என்னைப் பார்த்தார்.

"இதுல பாருங்க," என்றார் மெதுவாக. "கல்யாண வீட்டு உம்மா மாதிரியே ஈக்கிறீங்க."

ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்பினார். பிளேன்டி வரவழைத்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு மகன் கூப்பிட்டான். தங்கச்சிப் பிள்ளையின் போனைப் பிறகுதான் பார்த்தார்களாம், மன்னிப்புக் கேட்டான். பிறகு கேட்டான்: "அம்மா, நீங்க என்ன சேலை கட்டியிருந்தீங்க?"

அவன் வாங்கித் தந்த சேலைதான். நான் படத்தை அனுப்பினேன்.

"நல்லா மேட்ச் ஆயிருக்கும்மா. யாரு எடுத்தது?" என்றான்.

இங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று சொன்னேன். சொன்னதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் படத்தில் ஒரு காப்பியை விசா ஆபீசுக்கும் அனுப்பினால் என்ன? திரும்பி வர யாரும் இல்லை என்றார்களே!

அனுப்பவில்லை. மாதக் கடைசியில் நானா பிலிமத்தலாவைக்குப் போய்விடுவார்... அதற்குப் பிறகு அவர்கள் சொன்னது சரியாகிவிடும்.